கைக்கேற்ற பிடி

தமிழில் 'பிடி' என்னும் சிறு சொல்லுக்குப் பொருள்கள் பல. பெண் யானைக்குப் பிடி என்று பெயர். ஐந்து விரல்களும் மடங்கி ஒரு முறை அள்ளும் அளவும் பிடிதான். கத்தியிலும் மண்வெட்டியிலும் கைக்குள் அடங்கும் பகுதியும் பிடியே. நல்லொழுக்கத்தை விடாது போற்றுவது கடைப்பிடித்தல். விட வேண்டியதையும் விடாமல் நிற்பது பிடிவாதம். ஒருவரை ஒருவர் மணந்துகொள்வதைக் கைப்பிடித்தல் என்று சொன்னார்கள் பெரியோர். யானையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இச்சொற்கள் அனைத்துக்கும் அடியில் மனிதனின் கை இருப்பது தெரியும். மனிதன் உலகத்தை அறிந்தது கண்ணால் மட்டும் அன்று. பிடித்துப் பார்த்தும் அறிந்தான்.

கருவி என்பது இரண்டு முனைகளை உடையது. ஒரு முனை வேலையைத் தொடுகிறது. மற்றொரு முனை மனிதனைத் தொடுகிறது. வேலையைத் தொடும் முனையைப் பற்றியே உலகம் பெரிதும் பேசுகிறது. கத்தி கூர்மையானதா, கோடரி நன்றாக இறங்குமா என்றே கேட்கின்றனர். மனிதனைத் தொடும் முனையைப் பற்றிக் கேட்பவர் சிலரே. விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தலைமுறையினர்க்கு இந்த உண்மையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிறருடைய கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், தம்முடைய பழகிய கத்தியின் பிடியைத்தான் அவர்களுடைய உள்ளங்கை தேடியது.

பிடியைப் பற்றிய இந்த உண்மை மிகத் தெளிவாக விளங்கும் இடம், எவரும் எதிர்பாராத ஓரிடம். அது கைத்துப்பாக்கி.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதைச் சட்டம் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. மலேசியா 1971-ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர் 1973-ஆம் ஆண்டிலும் இயற்றிய சட்டங்கள், துப்பாக்கி ஏந்திச் செய்யும் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனைகளை வகுத்தன. ஆகவே இங்குள்ளோரில் பெரும்பாலார் காவலரின் இடுப்பில் உறைக்குள் இருக்கும் துப்பாக்கியைக் கண்டிருப்பரே அன்றிக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே துப்பாக்கி வீட்டுப் பொருள்களுள் ஒன்று. அதைச் செப்பனிடுவதையும் திருத்துவதையும் தொழிலாகக் கொண்டவர்கள் சிறு நகரங்களிலும் உண்டு.

அத்தகைய சிறு நகரம் ஒன்றில், வீட்டின் பின்புறத்துப் பட்டறையில், உரிமம் பெற்று அத்தொழிலைச் செய்துவந்தார் ஒருவர். வயது அறுபதைக் கடந்தவர். அவருடைய தந்தை கோடரிகளுக்குக் காம்பு செதுக்கியவர். ஹிக்கரி மரத்தின் நேரான கட்டையைத் தேர்ந்தெடுத்து, மரத்தின் இழை காம்பின் நீளத்தோடு ஓடுமாறு வைத்துச் செதுக்குவார். "காம்பு செதுக்குகிறவன் கோடரியை ஒரு முறை பார்த்தால் போதும், வெட்டுகிறவன் கையைப் பத்து முறை பார்க்க வேண்டும்" என்பது அவர் மகனுக்குச் சொன்ன தொழில் மந்திரம். மகன் காம்பு செதுக்கவில்லை. ஆனால், மந்திரத்தை மறக்கவும் இல்லை.

ஒரு நாள் மாலை அவருடைய பட்டறைக்கு இளம்பெண் ஒருத்தி வந்தாள். காவல்துறையில் சேர்ந்து பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவள். ஓட்டத்திலும் சட்டப் பாடத்திலும் முன்னணியில் நின்றவள் குறி சுடும் தேர்வில் தோற்றுப்போயிருந்தாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அதிலும் தோற்றால் வேலை இல்லை. சுட்ட காகிதக் குறிகளைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவற்றை மேசைமீது விரித்தார் அவர். குண்டுகள் தாறுமாறாகச் சிதறியிருக்கவில்லை. ஏறக்குறைய எல்லாம் ஒரே இடத்தில், நடுவட்டத்துக்கு இடப்புறமாக, நெருங்கிக் கிடந்தன.

"எனக்குக் கை நடுங்குகிறது என்று சொல்கிறார்கள், ஐயா" என்றாள் அவள்.

"நடுங்கும் கை இப்படி ஒரே இடத்தில் சுடாது அம்மா. உன் கை தவறுவதில்லை. ஒரே தவற்றை ஒழுங்காகச் செய்கிறது. அப்படியானால் காரணம் வேறெங்கோ இருக்கிறது" என்றார் அவர்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு நெடுநேரம் ஆகவில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்தபின் அவளிடம் கொடுத்து, சுவரை நோக்கிப் பிடிக்கச் சொன்னார். அவளுடைய கை சிறியது, விரல்கள் குட்டை. முறையாகப் பிடிப்பதென்றால், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவை துப்பாக்கியின் முதுகில் நன்றாக மேலேறிப் பொருந்த வேண்டும். குழலும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். அப்போதுதான் வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பு நேராக முன்கைக்குள் சென்று அடங்கும். அவள் அவ்வாறு பிடித்தால் சுட்டுவிரலின் நுனி மட்டுமே விசையைத் தொட்டது. நுனியால் இழுக்கும்போது, விரல் விசையை நேராகப் பின்னால் கொண்டுவராமல் பக்கவாட்டில் தள்ளிவிடும். வலக்கைக்காரருக்குக் குண்டு இடப்புறம் போகும். விரலுக்கு விசை எட்ட வேண்டுமென்று கையைத் திருப்பிப் பிடித்தாலோ, குழலும் முன்கையும் கோணலாகி, உதைப்பு முழுவதும் கட்டைவிரல் மூட்டில் வந்து இறங்கும். இரண்டு வழியிலும் இழப்பு அவளுக்கே. பொருந்தாத பிடியை இறுக்கத்தால் ஈடுசெய்ய முயன்று, விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு அதை நெரித்துக்கொண்டிருந்தாள்.

குறை அவள் கையில் இல்லை. அந்தக் கையை நினைக்காமல் அமைந்த பிடியில் இருந்தது.

இது புதிய குறையும் அன்று. 1911-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை, ஜான் பிரவுனிங் என்னும் மேதை வகுத்த கைத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய 1.1 கிலோகிராம் எடையுள்ள அந்த எஃகுக் கருவி முதல் உலகப் போரில் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் பல வீரர்களின் விரல்களுக்கு விசை எட்டவில்லை என்பதைப் போர் வெளிப்படுத்தியது. அதன் பயனாக 1920களில் விசையைக் குட்டையாக்கினர். விசைக்குப் பின்னால் சட்டகத்தின் இருபுறமும் விரல் படியுமாறு சிறிது குடைந்தனர். பிடியின் முதுகை வளைத்தனர். 1926-இல் அத்திருத்தங்களைத் தாங்கிய வடிவத்துக்குப் புதுப் பெயரும் சூட்டப்பட்டது. கருவியை மாற்றாமல் கையை மாற்ற முடியாது என்பதைப் படைத்தலைமை ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பிடியை மாற்றுவது ஓரளவு எளிது. எஃகுச் சட்டகத்தின் இருபுறமும் மரப்பலகை இரண்டைத் திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். பலகையைக் கழற்றிவிட்டு வேறு பலகை பொருத்தலாம். மெல்லியதோ தடித்ததோ, கைக்கேற்பச் செதுக்கிக்கொள்ளலாம். வால்நட் மரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகளை அரத்தால் கீறி, வைரத்தின் முகப்பைப் போன்ற சிறுசிறு கூர்களை எழுப்புவது பழைய கைவினைஞர்களின் தனிக்கலை. அந்தக் கூர்கள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. வியர்வையிலும் மழையிலும் கை வழுக்காமலிருக்க ஏற்பட்டவை. பயனுக்காகப் பிறந்தது பின்னர் அழகாகவும் நின்றது.

பிளாஸ்டிக் வந்ததும் இந்த நிலை மாறியது. 1970-இல் ஜெர்மானிய நிறுவனமாகிய ஹெக்லர் அண்டு கோக் பாலிமர்ச் சட்டகம் கொண்ட ஒரு கைத்துப்பாக்கியை வெளியிட்டது. அது பெருவழக்குப் பெறவில்லை. அதை உலகெங்கும் பரப்பியவர் ஆஸ்திரிய நாட்டுக் காஸ்டன் குளோக் என்பவர். 1929-இல் பிறந்த அவர், வியன்னாவுக்கு அருகிலுள்ள ஊர் ஒன்றில் திரைச்சீலைக் கம்பிகளும் படைக்கு வேண்டிய கத்திகளும் பிளாஸ்டிக் பொருள்களும் செய்துவந்தார். துப்பாக்கித் தொழிலில் அவருக்கு முன் அனுபவம் இல்லை. ஆஸ்திரியப் படை புதிய கைத்துப்பாக்கியைத் தேடியபோது, பழையன அறியாமையே அவருக்குத் துணையாயிற்று. நைலான் இனத்தைச் சேர்ந்த பாலிமரை அச்சில் ஊற்றி, உராயும் இடங்களில் மட்டும் எஃகைப் பதித்து, அவர் செய்த துப்பாக்கியை 1982-இல் அப்படை ஏற்றது. இலேசானது, துருப்பிடிக்காதது, பதினேழு தோட்டாக்கள் கொள்வது. பின்வந்த ஆண்டுகளில் அமெரிக்கக் காவல் துறைகள் பலவும் அதையே வாங்கின. குளோக் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மறைந்தார்.

அந்த வடிவத்தில் பிடி என்று தனியாக ஒன்று இல்லை. சட்டகமும் பிடியும் ஒரே வார்ப்பு. கழற்றுவதற்குத் திருகாணி இல்லை. மாற்றுவதற்குப் பலகை இல்லை. அச்சுக்கு ஒரு கை தெரியும். அந்தக் கைக்கு உரியவர் எவரும் உலகில் இல்லை. அது சராசரிக் கை. ஆயிரம் பேர் கைகளைக் கூட்டி ஆயிரத்தால் வகுத்தால் வருவது எவருடைய கையும் அன்று. 1990களின் இறுதியில் அந்நிறுவனம் பிடியின் முன்புறத்தில் விரல்கள் படிவதற்குப் பள்ளங்கள் அமைத்தது. பள்ளம் சிலருடைய விரலுக்குப் பொருந்தியது. வேறு சிலருக்கோ, மேடு வந்து விரலுக்கு அடியில் உறுத்தியது. 2010-இல் முதுகுப்புறத்தை மாற்றிக்கொள்ளத் தனித்தகடுகள் வந்தன. 2017-இல் வந்த தலைமுறையில் விரற்பள்ளங்களே நீக்கப்பட்டன. அதே 2017-இல் அமெரிக்கப் படை தேர்ந்தெடுத்த புதிய கைத்துப்பாக்கிக்குச் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில் பிடி அமைந்தது. 1911-இல் தொடங்கிய பாடத்தைக் கற்றுமுடிக்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

அந்த இளம்பெண்ணுக்குத் துறை கொடுத்திருந்ததோ பழைய தலைமுறைத் துப்பாக்கி. ஆகவேதான் அவள் பட்டறையைத் தேடி வந்தாள்.

முதியவர் உடனே அரத்தை எடுத்துவிடவில்லை. முதலில் துறையின் எழுத்துமூல அனுமதியைக் கேட்டார். துறையின் பொருளில் துறையறியாமல் கைவைப்பது முறையன்று என்றார். அனுமதிக் கடிதத்தோடு அவள் மறுவாரம் வந்தபோது, இரும்புப் பேழையைத் திறந்து பழைய சட்டகம் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதன் முதுகில் ஒரு காசளவு ஓட்டை இருந்தது.

அது அவருடைய முதல் முயற்சி. பல ஆண்டுகளுக்கு முன் தம்முடைய சொந்தத் துப்பாக்கியின் முதுகு மேட்டைக் குறைக்க விரும்பித் தேய்த்தார். அந்த மேட்டுக்கு உட்புறம் வெற்றிடம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று ஆசை கையை நடத்திச் சென்றது. திடீரென்று அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. மரத்தில் தவறினால் வேறு கட்டை எடுக்கலாம், இதில் இயலாது. அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் சட்டகமே துப்பாக்கி. வரிசை எண் பொறித்த தகடு அதில்தான் பதிந்திருக்கிறது. அந்த எண்ணைச் சிதைப்பதோ நீக்குவதோ குற்றம். ஆகவே பயனற்றுப்போன அதைக் கண்டபடி குப்பையில் எறியவும் மனம் வராமல், பூட்டிய பேழைக்குள் வைத்துக் காத்துவந்தார். புதிதாக வருபவர் ஒவ்வொருவருக்கும் அதை முதலில் காட்டுவது அவருடைய வழக்கம். தம் திறமையைக் காட்டும் துப்பாக்கிகள் பல இருக்க, தம் தவற்றைக் காட்டித் தொழிலைத் தொடங்குபவரிடத்தில் அவளுக்கு நம்பிக்கை பிறந்தது.

வேலை இரண்டு பகுதிகளாக நடந்தது. முதற்பகுதி உருவத்தைத் திருத்துவது. அவளுடைய கையைத் தாளின்மேல் வைத்து வரைந்துகொண்டார். துப்பாக்கியைப் பலமுறை பிடிக்கச் செய்து, உள்ளங்கை எங்கே அழுந்துகிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்று வெண்பென்சிலால் குறித்தார். பின்னர் மேற்பகுதியையும் குழலையும் கழற்றிவிட்டு வெறும் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். முதுகு மேட்டின் உட்புறத்து வெற்றிடத்தை எப்பாக்சிப் பசையால் நிரப்பி, ஓரிரவு முழுவதும் இறுக விட்டார். பழைய ஓட்டை கற்பித்த பாடம் அது. மறுநாள் மேட்டை அரத்தால் குறைத்தார். ஐந்து முறை தேய்த்தால் ஒரு முறை கையில் வைத்துப் பார்ப்பார். தோட்டாப் பேழை தடையின்றி உள்ளே சென்று வெளிவருகிறதா என்று சோதிப்பார். விசையைச் சூழ்ந்திருக்கும் காப்பு வளையம் பிடியோடு கூடும் இடத்தில், நடுவிரலின் கணு இடிபட்டுக் காய்த்துப்போவதைக் கவனித்திருந்தார். அந்த இடத்தைச் சில மில்லிமீட்டர் வளைவாகக் குடைந்தார். கை அந்த அளவுக்கு மேலேறியது. கை மேலேறினால் குழல் கைக்கு அருகே தாழ்கிறது. குழல் தாழ்ந்தால் துப்பாக்கியின் வாய் வெடிக்கும்போது துள்ளுவதும் குறைகிறது. சில மில்லிமீட்டருக்கு அவ்வளவு பயன். இத்தகைய தேய்ப்பில் எழும் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. அவர் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டே வேலை செய்தார்.

இரண்டாம் பகுதி மேற்பரப்புக்குச் சொரசொரப்பு ஊட்டுவது. இங்கேதான் பாலிமருக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. மரத்தைக் கீறிக் கூர் எழுப்ப வேண்டும். பாலிமரோ வெப்பத்துக்கு இளகுவது. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் நுனியை ஒரு கணம் தொட்டு எடுத்தால், தொட்ட இடம் குழிந்து, இளகிய பொருள் அதன் விளிம்பில் சிறு மணலளவாக எழுந்து இறுகுகிறது. அதற்கடுத்து இன்னொரு புள்ளி, அதற்கடுத்து இன்னொன்று. முதலில் எல்லைக்கோடு, பின்னர் உட்பரப்பு. வரிசை எண் தகடு இருக்கும் பக்கம் அவர் கோலைக் கொண்டுபோகவே இல்லை. சன்னல்களைத் திறந்து, விசிறியைச் சுழலவிட்டு, நச்சுப்புகை முகத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டார். கோல் ஒரு கணம் கூடுதலாக நின்றால் புள்ளி பள்ளமாகிவிடும்; ஒரு கணம் குறைந்தால் தடமே விழாது. சூட்டின் அளவும் கையின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே பயனற்ற பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் முதலில் ஐம்பது புள்ளிகள் வைத்துக் கையைப் பழக்கிக்கொண்ட பிறகே சட்டகத்தைத் தொட்டார். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இந்த ஐம்பது புள்ளிகளை அவர் விட்டதில்லை.

சொரசொரப்பு கூடினால் நல்லது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. மிகக் கரடான பரப்பு உள்ளங்கையைக் கிழிக்கும், உடையைத் தேய்க்கும், நாள் முழுவதும் இடுப்பில் சுமப்பவருக்குத் தொல்லையாகும். வலிக்குப் பயந்து கை தானே விலகத் தொடங்கும். மிக மென்மையான பரப்போ வியர்வையில் நழுவும். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. அது எந்த நூலிலும் எழுதப்பட்டதன்று. ஒவ்வொரு கையிலும் எழுதப்பட்டிருப்பது. புள்ளியிட்டு முடித்ததும் அவர் மெல்லிய உப்புத்தாளால் முனைகளை ஒரு முறை தடவிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் பரப்பு முழுவதையும் வருடினார். இப்போது ஒளிக்கதிரைக் கொண்டு எந்திரமே சில நிமிடங்களில் இந்தப் புள்ளிகளை இட்டுவிடுகிறது. எந்திரத்தின் புள்ளிகள் ஒன்றுபோல் ஒழுங்காக இருக்கும். அவருடைய புள்ளிகளில் அந்த ஒழுங்கு இல்லை. உள்ளங்கை நன்றாக அழுந்தும் இடத்தில் அடர்த்தியாகவும், விரல்நுனி மடங்கும் இடத்தில் கலக்கமாகவும் இருந்தன. ஏனெனில் அவை ஒரே ஒரு கைக்காக இடப்பட்டவை.

கையைக் கருவிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட மனிதரும் உலகில் இருந்திருக்கின்றனர். அங்கேரி நாட்டுப் படைவீரர் காரோய் டாகாச் சிறந்த குறியாளர். 1938-இல் பயிற்சியின்போது பழுதான எறிகுண்டு வெடித்து, சுடும் கையாகிய வலக்கை சிதைந்தது. பிறர் அறியாமல் இடக்கையால் பயின்றார். 1939-இல் தம் நாட்டுப் போட்டியில் அவர் வந்து நின்றபோது, பார்க்க வந்திருக்கிறார் என்றே மற்றவர்கள் எண்ணினர்; அவரோ வென்றுவிட்டார். போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. 1948-இல் இலண்டனில், தம் முப்பத்தெட்டாம் வயதில், 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் 580 புள்ளிகள் பெற்று உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். 1952-இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம் பெற்றார். வரலாறு போற்றும் மனவுறுதி அது. ஆனால், அத்தகைய உறுதியை எல்லோரிடமும் எதிர்பார்த்து, 'அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?' என்று கேட்பது முறையாகாது. டாகாச்சுக்கு வேறு வழி இல்லை. அந்தப் பெண்ணுக்கு வழி இருந்தது. அரத்தால் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காக ஒருத்தி கண்ணீர் வடிக்க வேண்டுவதில்லை.

வேலை முடிந்த நாளில் அவள் வந்தாள். துப்பாக்கி வெறுமையாக இருப்பதைத் தானே சோதித்தபின் கையில் எடுத்தாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இலேசாகிவிட்டதே, ஐயா!" என்றாள்.

"எடையில் சில கிராம்கூடக் குறைந்திராது. உன் பிடி இலேசாகியிருக்கிறது. முன்பு கீழே விழுந்துவிடுமோ என்று நெரித்துக்கொண்டிருந்தாய். இனி அது விழாது என்று கைக்குத் தெரிந்துவிட்டது" என்றார் முதியவர்.

அன்று அவர் கூலி வாங்கிக்கொண்டார். ஆனால், துப்பாக்கியை உறையிலிட்டு அவள் புறப்பட்டபோது அவர் முகத்தில் மகிழ்ச்சியோடு வேறொன்றும் கலந்திருந்தது. கோடரிக்குக் காம்பு செதுக்கிய தந்தைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. கோடரி மரத்தைப் பிளக்கும், அடுப்பு எரியும், குழந்தைகள் குளிர் காய்வர். இந்தக் கருவி என்றேனும் தன் வேலையைச் செய்ய நேர்ந்தால் அன்று ஒரு மனிதன் விழுவான். அவனுக்கும் தாய் ஒருத்தி இருப்பாள். கருவி கைக்குப் பொருந்தப் பொருந்த அதன் வேலையும் எளிதாகிவிடுகிறது. கொல்வதை எளிதாக்குவதும் தம் தொழிலோ என்னும் வினா அவரை இரவுகளில் எழுப்பியதுண்டு.

அவ்வினாவுக்கு அவர் கண்ட விடை முழுமையானதன்று. ஆயினும் பொய்யானதும் அன்று. அச்சம் பிடித்த கை அவசரப்படும். தன் கருவி தனக்கு அடங்காது என்று அறிந்த காவலர், எதிரே நிற்பவனின் கையில் இருப்பது கத்தியா கைக்குட்டையா என்று பார்க்குமுன் விசையை இழுத்துவிடக்கூடும். இழுத்த குண்டும் குறியிலிருந்து விலகி, வழியே போகும் குழந்தையைச் சேரக்கூடும். கருவி தன் கைக்குள் இருக்கிறது என்ற உறுதி உள்ளவருக்குத்தான் ஒரு கணம் பொறுக்க முடியும். அந்த ஒரு கணத்தில் ஓர் உயிர் பிழைக்கலாம். பிடி நன்றாக அமைவது சுடுவதற்கு மட்டும் உதவுவதன்று, சுடாமலிருப்பதற்கும் உதவுவது. வாசல்வரை வந்து அவளை வழியனுப்பியபோது அவர் வாழ்த்தியது இது: "நீ ஓய்வு பெறும் நாள்வரை இது உறையைவிட்டு வெளியே வராமல் இருக்கட்டும் அம்மா!"

இரண்டு வாரம் கழித்து அவள் அனுப்பிய காகிதக் குறி ஒன்று தபாலில் வந்தது. குண்டுகள் எல்லாம் நடுவட்டத்தில் விழுந்திருக்கவில்லை. சில மேலே, சில வலப்புறம். ஆனால், இடப்புறத்தில் பழைய கூட்டம் இல்லை. தேர்வில் தேறியிருந்தாள். அந்தக் காகிதத்தை முதியவர் சுவரில் மாட்டவில்லை. ஓட்டை விழுந்த சட்டகம் இருந்த பேழையிலேயே, அதற்கு அடியில் மடித்து வைத்தார்.

கல்வி கற்பிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதில் ஒன்று உண்டு. குழந்தைக்கு முதன்முதல் எழுத்தறிவிக்கும் ஆசிரியர், அரிசியிலோ மணலிலோ அதன் விரலைப் பிடித்து அகரம் வரைவிக்கிறார். அதன்பின் குழந்தை பென்சிலைப் பற்றுகிறது. ஒரு குழந்தை நெரித்துப் பிடிக்கிறது. ஒரு குழந்தை நுனியில் பிடிக்கிறது. மற்றொன்று இடக்கையால் பிடிக்கிறது. இடக்கைக் குழந்தையின் விரலில் பிரம்பால் அடித்து வலக்கைக்கு மாற்றிய காலம் ஒன்று இருந்தது. அந்த அடியால் எழுத்து அழகானதோ இல்லையோ, எழுதும் ஆசை பலருக்கு அழிந்தது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே அச்சில் வார்த்த பாடத்தைக் கொடுத்துவிட்டு, பொருந்தாத குழந்தையைப் பார்த்து 'இதற்குக் கை நடுங்குகிறது' என்று எழுதிவிடுவது எளிது. ஒரே தவற்றை ஒழுங்காகச் செய்கிற குழந்தை அறிவில் குறைந்ததன்று. அது பிடித்திருக்கும் பிடியை யாரோ ஒருவர் பத்து முறை பார்க்க வேண்டும்.

தாளை விரித்துக் குழந்தையின் கையை அதன்மேல் வைத்து வரைந்துகொள்ளும் பொறுமை எந்த ஆசிரியரிடத்தில் இருக்கிறதோ, அவரிடத்தில் பயிலும் குழந்தை என்றேனும் ஒரு நாள் பென்சிலைக் கையில் எடுத்து, இலேசாகிவிட்டதே என்று சொல்லும்.